இரண்டாவது அடமானத்தின் பூட்டு

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷத்தில்தான் என் அப்பா வீடு வாங்கினார். ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் செங்கல்பட்டுப் பக்கமும் ஆற்காட்டுப் பக்கமும் போய்விட்டிருந்தார்கள். துறைமுகத்துக்கு இத்தனை பக்கத்தில் குடியிருப்பவனுக்குப் புத்தி சரியில்லை என்பது அப்போதைய பேச்சு. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ரயிலேறத் தயாராக நின்றார். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவர். கையில் அவ்வளவு காசு கிடையாது. சௌகார்பேட்டையில் பல கடைகள் பூட்டிக் கிடந்தபோது ஒரு சேட்டு மட்டும் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் அந்த வீட்டையே அடமானம் வைத்து அப்பா அந்த வீட்டை வாங்கினார். ஊரில் மிஞ்சியிருந்த இரண்டு பைத்தியங்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டன என்று அம்மா சொல்வாள்.

நான் அப்போது ஊரில் இல்லை. மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோலாரில் கொஞ்ச நாள், கொச்சியில் கொஞ்ச நாள், பிறகு பம்பாய்க் கப்பல்துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஓர் ஊரில் பழகின முகங்கள் சேர ஆரம்பித்தால் எனக்குக் கால் அரிக்கும். இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று எப்போதாவது ஒரு கார்டு போடுவேன். வீடு வாங்கிய செய்தியே எனக்கு அடுத்த வருஷம்தான் தெரிந்தது.

வீடு பெரியதல்ல. முன்னால் இரண்டு அறை, நடுவில் சின்ன முற்றம், பின்னால் ஓடு போட்ட ஓர் அறை. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மரவாடி. பர்மாத் தேக்கும் நாட்டு மரமும் அடுக்கி விற்கிற இடம். மரவாடிக்காரருக்கு எங்கள் மனை மேல் எப்போதும் ஒரு கண். வண்டி திரும்ப இடம் போதவில்லை என்று அப்பாவிடமே இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறார்.

சண்டை முடிந்த பிறகு அப்பாவுக்கு மார்நோய் கண்டது. சம்பளம் நின்றது, வைத்தியச் செலவு நிற்கவில்லை. அம்மா காசிமேட்டுக் கரையில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஓர் அம்மாளிடம் போய் நின்றாள். எங்களுக்கு உறவொன்றும் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கூடையோடு வந்து வந்து பழக்கமானவள். அம்மா அவளை யக்கா என்பாள், நான் பெரிம்மா என்பேன். பெரிம்மா பணத்துக்கு வட்டி கேட்கவில்லை. பின்னறையைக் கேட்டாள். அவளுடைய குடிசை அலை வந்து தொடும் தூரத்தில் இருந்தது. மழைக்காலத்தில் சரக்கெல்லாம் ஊறிப் போய்விடும். நல்ல சுவர் வைத்த ஓர் அறை கிடைத்தால் அதுவே வட்டி என்றாள்.

எழுதப் படிக்கத் தெரிந்த அவளுடைய தம்பி, சும்மா வாய்ப்பேச்சு கூடாது, ரிஜிஸ்டர் செய்ய வேண்டும் என்று நின்றதால் அது இரண்டாம் அடமானமாக எழுதப்பட்டது. சேட்டின் கடன் முன்னால் இருக்கிறது, இது அதற்குப் பின்னால்தான் என்று எழுதியவர் படித்துக் காட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டார், அவளும் கைநாட்டு வைத்தாள். வந்ததும் பத்திரத்தை எங்கேயோ செருகிவிட்டு, பின்னறைக் கதவில் ஒரு பித்தளைப் பூட்டைக் கொண்டுவந்து மாட்டினாள். அன்றிலிருந்து அந்தப் பூட்டுதான் அவளுக்குப் பத்திரம். அறையின் ஓடு ஒழுகும். மழை பெய்தால் மூட்டைகளை நகர்த்திப் போட வேண்டுமே என்று இன்னொரு சாவியை அம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

அப்பா போன பிறகு வந்த கார்டைப் பார்த்துவிட்டு நான் ஊர் வந்தேன். காரியமெல்லாம் முடிந்து, அம்மா தனியாக இருந்தாள். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. சில மாதம் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்பதுதான் என் எண்ணம். முன்னறை ஒன்றை அம்மா வாடகைக்கு விட்டிருந்ததால் சேட்டுக்கு வட்டி மட்டும் எப்படியோ போய்க்கொண்டிருந்தது. முதல் அப்படியே நின்றது.

ஒரு நாள் சேட்டு ஆள் அனுப்பினார். போனேன். அவர் எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார்.

"தம்பி, எனக்கு உடம்பு முடியலே. ஊருக்கே போகலாம்னு இருக்கேன். தீபாவளிக்குத்தான் நாங்க புதுக் கணக்குப் போடறது வழக்கம். இந்தத் தீபாவளிக்கு இந்தக் கடையில புதுக் கணக்கு கிடையாது. அதுக்குள்ளே எல்லாத்தையும் பைசல் பண்ணணும்."

"எங்ககிட்ட ஏது சேட்டு அவ்வளவு பணம்?"

"தெரியும். உங்க வீட்டுக்குப் பின்னால இருக்கற மரவாடிக்காரர் உங்க பத்திரத்தை என்கிட்டேருந்து வாங்கிக்கறேன்னு சொல்றார். கொடுத்தா என் பணம் நாளைக்கே வரும். ஆனா அவர் வட்டிக்காக உட்கார்ந்திருக்கற ஆள் இல்லே. அவருக்கு இடம் வேணும். உங்க அப்பா என்கிட்ட நாணயமா நடந்தவர். அதனால உன்னைக் கூப்பிட்டுச் சொல்றேன். தீபாவளி வரைக்கும் அவருக்குப் பதில் சொல்ல மாட்டேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயமாக நடக்கிற மனிதரிடம் கோபப்படவும் முடியாது. தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒருவர், சௌகார் கடனை நிதிக் கம்பெனியில் மாற்றிக்கொள்ளலாம், அங்கே வட்டி பாதிதான், மாதா மாதம் தவணை கட்டினால் முதலும் கரையும் என்றார். ஜார்ஜ் டவுனில் ஒரு நிதி ஆபீசுக்குப் போனேன். மூக்குக் கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒருவர் எங்கள் வீட்டு வில்லங்கத்தைப் பார்த்துவிட்டு மூக்குப்பொடி டப்பாவை மூடினார்.

"வீட்டு மேல ரெண்டு கடன் இருக்கேப்பா."

"ரெண்டாவது ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க. தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்களா தெரியாதவங்களாங்கறது இல்லே. நாங்க பணம் கொடுத்து சேட்டு கணக்குத் தீர்ந்து அவர் விலகினா, ரெண்டாவதா இருக்கற அந்த அம்மா தன்னால முதல் இடத்துக்கு வந்துடுவாங்க. நாங்க பின்னால போயிடுவோம். பின்னால நின்னு நிதி பணம் கொடுக்காது. அந்த அம்மா ரிஜிஸ்டர் கச்சேரிக்கு வந்து, நிதிக்குப் பின்னாலேயே இருந்துக்கறேன்னு எழுதிக் கொடுக்கணும்."

"கொடுக்கலேன்னா?"

"தெரு முனையில டீ நல்லா இருக்கும். குடிச்சிட்டுப் போக வேண்டியதுதான்."

பிறகு அவரே, வீட்டை மதிப்புப் போட ஆள் வருவார், ஏதாவது ரிப்பேர் இருந்தால் அதற்கும் கொஞ்சம் சேர்த்துக் கேள் என்றார். ஒழுகும் ஓடு ஞாபகம் வந்தது. சேர்த்துக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். பெரிம்மாவிடம் சொல்ல நல்ல சமயமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். சமயம் எனக்காகக் காத்திருக்கவில்லை.

மதிப்புப் போடுகிறவர் வருகிற அன்று நான் வேலைக்குப் போய்விட்டுப் பகல் பொழுதுக்கு வீடு திரும்பினேன். வீட்டுக்குள் நுழைந்தால் கோவிலுக்குள் நுழைந்த மாதிரி சாம்பிராணிப் புகை. பின்னறை காலி. தரை கழுவி, சுவருக்குச் சுண்ணாம்புகூட அடித்திருந்தது.

"பெரிம்மா சரக்கெல்லாம் எங்கே?" என்றேன் அம்மாவிடம்.

"வர்ற மனுசன் மூக்கப் பொத்திக்கினு போனா எவன் கடன் குடுப்பான்? ரிக்ஷாக்காரன்கிட்ட காசு குடுத்து மரவாடிக் கொட்டாயில போட்டு வெச்சிருக்கேன். வாட்ச்மேன் நல்லவன். ஒரு நாளுதானே, நாளைக்கித் திருப்பிக் கொண்டாந்துடலாம்."

எங்கள் வீட்டை வாங்கத் துடிக்கும் ஆளுடைய கொட்டகையில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் நிதி ஆள் வந்துவிட்டார். வயதானவர், குடையோடு வந்தார். முன்னறையைத் தட்டிப் பார்த்தார், முற்றத்தை அளந்தார். பின்னறைக்குள் நுழைந்ததும் நின்றார். மூக்கை உயர்த்தி ஒரு தடவை இழுத்தார். சுவர் வருஷக் கணக்கில் குடித்திருந்த வாசனை ஒரு வாளிச் சுண்ணாம்புக்கு அடங்குமா? அம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா," என்றார் அவர். "சாம்பிராணிக்குள்ளேருந்து நல்ல வாசனையா வருதே. இந்தப் பக்கம் அசல் நெத்திலிக் கருவாடு எங்கே கிடைக்கும்? வீட்டிலே வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பிச்சாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கரையில் விசாரித்தால் கிடைக்கும் என்று அம்மா முனகினாள். அவர் ஓட்டையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் தெருக் குழாயில் அம்மாவுக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அம்மா வரிசையில் பக்கத்தில் நின்றாள். பெரிம்மா மரவாடிப் பக்கமிருந்து வந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் பூட்டைத் திறந்து பார்த்திருக்கிறாள். காலி அறையைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போய் விசாரித்திருக்கிறாள். மரவாடி வாட்ச்மேன் அவனுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறான்: முதலாளி இந்த வீட்டை வாங்கப் போகிறார், அதுதான் சாமானெல்லாம் இங்கே வருகிறது.

"இன்னாடீ, என் சரக்கு நாறுதா உனக்கு? அந்த நாத்தத்துலதானே உன் புருசனுக்கு மருந்து வாங்குன? அப்போ மணந்துதா?"

"யக்கா, நான் சொல்றத கேளு..."

"இன்னாத்த கேக்கறது? சொல்லாம கொள்ளாம என் பூட்டத் தொறந்து என் மூட்டய வெளிய போட்டுட்டு, மரவாடிக்காரனுக்கு வூட்ட வித்துட்ட. மூணு மூட்ட அடியில ஈரம் ஏறிக் கீது, போய்ப் பாரு!"

"விக்கல யக்கா! நிதில கடன் வாங்கறோம். சேட்டுக்குக் கட்டறதுக்கு. அதுக்கு நீதான் ஒரு கைநாட்டு வெக்கணும், நிதிக்குப் பின்னால இருந்துக்கறேன்னு..."

அம்மா அதை அங்கே சொல்லியிருக்கக் கூடாது. குழாயடிப் பெண்கள் எல்லாரும் தண்ணீரை மறந்துவிட்டு நின்றார்கள். பெரிம்மா வரிசையாக இருந்த குடங்களைக் கையால் காட்டினாள்.

"இந்தாம்மா, நீங்களே சொல்லுங்க. மொதல்ல நிக்கற குடம் தண்ணி புடிச்சிக்கினு போயிட்ச்சி. ரெண்டாவது நான். அடுத்தது யாரு புடிக்கணும்? நானா, இப்பதான் தெருவுக்குள்ள வர்ற எவனோவா?"

"நீதான்," என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

"கேட்டுக்கினியா? கைநாட்டாம் கைநாட்டு!" கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

குமாஸ்தா சொன்ன சட்டமும் அதேதான். அன்று முழுவதும் அம்மா சாப்பிடவில்லை. எனக்கு வேலையில் கை ஓடவில்லை. எத்தனையோ ஊரில் எத்தனையோ இழந்திருக்கிறேன். பம்பாயில் ஒரு தடவை படுத்திருந்த துணியைத் தவிர எல்லாம் திருட்டுப் போய், சிரித்துக்கொண்டே எழுந்து போனவன். ஆனால் அம்மாவை எந்த வாடகை அறையில் கொண்டுபோய் வைப்பது என்று யோசித்தபோது சிரிக்க வரவில்லை. இந்த வீடு இருந்ததால்தான் நான் ஊர் சுற்ற முடிந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரக் கடைசியில் மத்தியானம் கரைக்குப் போனேன். எங்கள் தெருக் குழாயில் இன்னொரு வழக்கம் உண்டு. அது நடக்கும்போது ஞாபகம் வந்தது. வரிசையில் குடம் வைத்தவள் அவசரமாகப் போக வேண்டுமானால் தன் இடத்தில் இன்னொருத்தியின் குடத்தை வைத்துவிட்டுப் போகலாம். பின்னால் நிற்பவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் குடம் இருந்த இடத்தில் அண்டாவைக் கொண்டுவந்து வைத்தால் அன்றைக்கு அங்கே ரத்தம்தான்.

பெரிம்மா பாயில் மீனைப் பரப்பிவிட்டு ஒரு கழியால் காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னாடா ஊர்சுத்தி, இன்னும் ரயிலேறலியா நீ? வூட்ட வித்த துட்டு வந்துகினு இருக்குமே."

"விக்கல பெரிம்மா. நாத்தத்துக்கு வெக்கப்பட்டுகினு அம்மா மூட்டய நவுத்திட்ச்சி. வந்த ஆளு மூக்கப் பொத்திப்பான்னு பயம். வந்த ஆளு மொதல்ல இன்னா கேட்டாரு தெரியுமா?"

"இன்னா?"

"இந்தப் பக்கம் நல்ல நெத்திலி எங்க கெடைக்கும்னு கேட்டாரு."

கழி அந்தரத்தில் நின்றது. "மெய்யாலுமா?"

"அம்மா மூஞ்சப் பாத்திருக்கணும் நீ. சுத்தி சாம்பிராணி, நடுவுல அது."

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு காக்கை தைரியமாக வந்து ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போயிற்று, அதைக்கூட விரட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தினி சாம்பிராணியும் தெண்டமா! ஒரு வாய் சொல்லியிருந்தா நானே ஒரு கூட நெத்திலி குடுத்தனுப்பியிருப்பேன்," என்றாள். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டாள். "சிரிச்சிட்டேன்னு கைநாட்டு வெச்சிடுவேன்னு நெனச்சிக்காத. ரெண்டாவது நின்னவ ரெண்டாவதாவே ஏன் நிக்கணும்?"

"புதுசா யாரும் உனக்கு முன்னாடி பூரல பெரிம்மா. சேட்டு அவசரமாப் போறாரு. அவரு குடம் இருந்த எடத்துல நிதியோட குடத்த வெச்சிட்டுப் போறாரு. உன் குடம் எங்க இருந்துதோ அங்கியே கீது."

அவள் யோசித்தாள். கழியின் நுனியால் மணலில் கோடு கிழித்தாள்.

"அது குடமா, அண்டாவா?"

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "கொஞ்சம் பெரிய குடம். ஓடு மாத்தறதுக்கு சேத்துக் கேட்டுக்கீறேன்."

"கொறைச்சிக்கோ. சேட்டு குடம் எம்மாம் பெருசோ அம்மாம்தான். அப்பாலயும் அவங்க மேல மேல ஊத்தக் கூடாது. அத்தையும் எழுதச் சொல்லு."

"உன் ரூம்லதான் பெரிம்மா ஒழுவுது."

"ஒழுவட்டும். ஒழுவறத நான் பாத்துக்குறேன். அண்டாவ யாரு பாத்துக்கறது?" கழியை என் பக்கம் நீட்டினாள். "இன்னொண்ணு. தவணைய யாரு கட்டறது? வாடக பாதிக்குதான் வரும். நீ நாளைக்கே பம்பாய் மெயிலு ஏறிட்டா?"

"ஏற மாட்டேன்."

"எவ்ளோ நாளைக்கி?"

"தெரியல பெரிம்மா."

"இதாண்டா மெய்யான பேச்சு. எப்பவும் ஏற மாட்டேன்னு சொல்லியிருந்தீன்னா எழுந்து போன்னுருப்பேன்."

நிதிக்குப் போய்த் தொகையைக் குறைக்கச் சொன்னேன். பணம் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்டு வந்தவனைக் குமாஸ்தா அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேலே சேர்த்துக் கொடுப்பதானால் அந்த அம்மாளைக் கேட்காமல் கொடுப்பதில்லை என்ற வரியையும், உள்ளே போய்க் கேட்டு வந்து, சேர்த்துக்கொண்டார்.

பதிவு செய்த அன்று பெரிம்மா புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருந்தது. சேட்டு சிவப்புத் துணியில் சுற்றிய பத்திரத்தோடு வந்திருந்தார். ஒரே வீட்டின் மேல் வருஷக் கணக்காகக் கடன் கொடுத்திருந்த இரண்டு பேரும் அன்றுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஏம்மா, இத்தனை வருஷம் எனக்குப் பின்னால நின்னது நீங்கதானா?" என்றார் சேட்டு.

"ஆமா சேட்டு. உன் முதுவயே பாத்துகினு நின்னேன். இன்னிக்கிதான் மூஞ்சியப் பாக்குறேன்."

சேட்டு வாய்விட்டுச் சிரித்தார். குமாஸ்தா எழுதியதைப் படித்தார். அந்த ஒரு வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள் பெரிம்மா. படித்தார். கட்டைவிரலை மையில் அழுத்தி, தாளில் உருட்டி வைத்தாள். விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, "ஆச்சா?" என்றாள். ஆயிற்று. பணம் சேட்டுக்குப் போயிற்று. எங்கள் மூலப்பத்திரம் சேட்டின் கையிலிருந்து குமாஸ்தாவின் கைக்குப் போயிற்று. எங்கள் கைக்கு வரவில்லை. இருந்தாலும் அது மரவாடிப் பக்கம் போகவில்லை. அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. எத்தனை நாளாக அதைப் பிடித்து வைத்திருந்தாளோ. தெரு முனையில் டீ வாங்கிக் கொடுத்தேன். குமாஸ்தா சொன்னது சரிதான், நன்றாகவே இருந்தது.

திரும்பி வந்ததும், குழாயடிப் பேச்சுக்குப் பிறகு பெரிம்மா தன் குடிசைக்கே கொண்டுபோயிருந்த கருவாட்டு மூட்டைகளை நானே முதுகில் தூக்கிப் பின்னறையில் அடுக்கினேன். ஈரமேறிய மூன்று மூட்டைக்கும் அம்மா பணம் தருகிறேன் என்றாள். "அத்த தவணைல சேத்துக் கட்டு," என்று பெரிம்மா கேலி செய்தாள். பழைய பித்தளைப் பூட்டையே மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு சாவியை அம்மாவின் கையில் வைத்தாள்.

"இனிமே நவுத்தறதுன்னா எனுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு நவுத்து." இலையில் கட்டிய ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள். "நெத்திலி கேட்ட ஐயாவுக்குக் குடு. ஓசி இல்ல. வெலய வாங்கிகினு வா."

தீபாவளிக்கு முந்தின வாரம் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் நான் வேலையிலிருந்து நனைந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். பின்னறைக்குள் சொட்டுச் சொட்டென்று விழும் சத்தம் வெளியே கேட்டது. ஓடு மாற்றவில்லையே, ஒழுகத்தானே செய்யும். அம்மா சாவியும் கையுமாகக் கதவருகில் நின்றாள். திறக்கவில்லை.

"தொறம்மா, மூட்டய நவுத்தலாம்."

"சொல்லிட்டு நவுத்தச் சொன்னாளே. நீ ஓடிப் போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு."

"இந்த மழையிலயா?"

"பின்ன? மழையிலதான் நவுத்தறோம்."

போனேன். கரையில் அலை குடிசை வரிசை வரைக்கும் வந்துகொண்டிருந்தது. பெரிம்மா குடிசை வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"மழ பேயறது எனுக்குந் தெரியும்டா, லூசு! போய் நவுத்துடா!" என்று கத்தினாள். திரும்பி நடந்தபோதும் அவள் சிரிப்பது காற்றில் கேட்டது.

எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிற்று. வீட்டுக்குள் நுழைந்து முற்றத்தைத் தாண்டினேன். அம்மா அதே இடத்தில், சாவியை முந்தானையில் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

அப்புறம்தான் பூட்டைத் திறந்தாள்.